ஆபர்ன் ஊர் வக்கீல் வீடு

நியூயார்க்கின் மோய்னிஹன் ரயில் நிலையத்தில் வண்டி பூமிக்கடியில் கிளம்புகிறது. ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தும் முதல் சில நிமிடங்களுக்கு இருட்டைத் தவிர எதுவும் தெரியவில்லை. அந்த இருட்டுக்கு மேலே என்ன இருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஒன்பதாவது, பத்தாவது அவென்யூக்களுக்கு நடுவே, தண்டவாளங்களின் மேல் தளம் போட்டு எழுப்பிய மேன்ஹாட்டன் வெஸ்ட் வளாகம். அங்குள்ள கண்ணாடிக் கோபுரங்களில் ஒன்றில் 2024 முதல் கிராவத், ஸ்வெய்ன் அண்ட் மூர் என்ற வழக்கறிஞர் நிறுவனம் இருக்கிறது. தன் வயதை 1819-லிருந்து எண்ணும் நிறுவனம். அன்று காலையில்தான் எதிர்ப்பக்கத்து நடைபாதையில் நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்திருந்தேன். உள்ளே போக எனக்கு ஒரு வேலையும் இல்லை. நான் பார்க்க விரும்பியது இந்தக் கதையின் மறுமுனையை. அது இங்கிருந்து ஆறு மணி நேரம் தள்ளி, ஆபர்ன் என்ற சிற்றூரில் ஒரு வக்கீல் வீடாக இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

1997-ல் மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் நான் கவுன் போட்டபோது ஜூனியருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. பஸ் காசு வரும், மத்தியானச் சாப்பாடு வரும், பொங்கலுக்கு ஒரு சேலை வரும். என் சீனியர் நல்லவர். அவரும் அப்படித்தான் தொழில் கற்றவர். தொழிலை விட்டுப் போனவர்களில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். வீட்டில் தாக்குப்பிடிக்க வசதி இல்லாததால் மட்டும் போனவர்கள். அவர்கள் முகங்கள் இன்றைக்கும் நினைவில் இருக்கின்றன. அந்த நாட்களில்தான், சட்டக் கல்லூரியிலிருந்து நேராகப் பிள்ளைகளை எடுத்து, சம்பளம் கொடுத்து, வரிசைக்கிரமமாகத் தொழில் சொல்லிக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தைப் பற்றி சீனியரின் நூலகத்தில் படித்தேன். அன்று மனதில் விழுந்த பெயர்தான் என்னை இந்த வண்டியில் ஏற்றியது.

சுரங்கம் முடிந்ததும் இடப்பக்கம் ஹட்சன் ஆறு வந்துவிட்டது. இந்தத் தடத்தில் போகிறவர்கள் இடப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். அக்டோபர் மாதம். எதிர்க்கரை மரங்கள் மஞ்சளும் செம்பும் துருவுமாக ஆற்றில் கவிழ்ந்து கிடந்தன.

பால் கிராவத் இந்த நிறுவனத்தில் சேர்ந்தது 1899-ல். அப்போதே அதற்கு எண்பது வயது. ஓஹையோவில் பிறந்து, கொலம்பியாவில் சட்டம் படித்த அவர், முதலில் வால்டர் கார்ட்டர் என்ற வக்கீலின் அலுவலகத்தில் ஜூனியராக இருந்தார். கல்லூரிகளில் தேடி நல்ல இளைஞர்களைப் பொறுக்கி எடுப்பதில் கார்ட்டர் பேர் போனவர். பின்னாளில் நாட்டின் தலைமை நீதிபதியான சார்லஸ் எவன்ஸ் ஹியூஸும் அவரிடம் தொழில் கற்றவர்தான். அங்கே கண்டதைத்தான் கிராவத் தன் நிறுவனத்தில் அசைக்க முடியாத விதியாக்கினார். ஒரு சீனியரிடம் கற்றதை நிறுவனமாக்கிய ஜூனியர் என்று அவரைச் சொல்வேன்.

விதிகள் சுருக்கமானவை. வேறு அலுவலகங்களில் பழகியவர் வேண்டாம். கல்லூரியில் முன்வரிசையில் தேறியவர்களை நேரடியாக எடு. முதல் நாளிலிருந்தே சம்பளம் கொடு. ஒரே பங்குதாரரிடம் ஒட்டிக்கொள்ள விடாமல், சில காலத்துக்கு ஒருமுறை வேறொருவரிடம் மாற்று. பெரிய வழக்கைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒரு துண்டை ஜூனியரிடம் முழுப் பொறுப்பாகக் கொடு; அவன் தேறத் தேறத் துண்டைப் பெரிதாக்கு. பங்குதாரர்களை உள்ளே வளர்ந்தவர்களிலிருந்து மட்டும் தேர்ந்தெடு. தேறாதவர் போய்விட வேண்டும். போவதற்கு நல்ல இடம் பார்த்துக் கொடு. பங்குதாரர்களுக்குள் லாபம் பிரிப்பது யார் எவ்வளவு சம்பாதித்துக் கொடுத்தார் என்று பார்த்து அல்ல, சேர்ந்த ஆண்டு மூப்பைப் பார்த்து.

கடைசி விதியில்தான் நிறுவனத்தின் உயிர் இருந்தது என்று நினைக்கிறேன். என் கட்சிக்காரர், உன் கட்சிக்காரர் என்ற பிரிவினை இருந்தால் எந்தச் சீனியரும் தன் வித்தையை முழுதாகக் கற்றுத் தர மாட்டார். எல்லாருக்கும் ஒரே பானையிலிருந்து சோறு என்றால், பக்கத்து அறைக்காரனின் கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்ல நேரம் கிடைத்துவிடும். ‘தேறாவிட்டால் போ’ என்ற விதி கொடுமையானது என்று முன்பு எண்ணியிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. தலை நரைத்த பிறகும் இன்னொருவரின் கட்டைத் தூக்கிக்கொண்டு, அடுத்த வருடம் அடுத்த வருடம் என்று காத்திருப்பவர்களை நம் ஊர் வராண்டாக்களில் பார்த்திருக்கிறேன். நேரத்தில் சொல்லிவிடுவது அதைவிட மரியாதை.

இந்த முறையை நியூயார்க்கின் பெரிய நிறுவனங்கள் எல்லாம் பார்த்து எழுதிக்கொண்டன. சம்பள விஷயத்திலும் அப்படித்தான். 1968-ல் கிராவத் புதிதாகச் சேர்பவர்களுக்கு ஆண்டுக்கு 15,000 டாலர் என்று ஒரே தாவாக உயர்த்தியபோது, மற்றவர்களும் வேறு வழியின்றி உயர்த்தினார்கள். இன்று முதலாண்டுச் சம்பளம் 2,25,000 டாலர். நம் பக்கத்தில் 2024 ஜூனில்தான், உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, பார் கவுன்சிலின் சுற்றறிக்கை வந்தது: சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000. அந்தத் தாளைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கியது. இருபத்தேழு வருடம் தாமதமாக வந்த தாள்.

வளர்த்த பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதற்குச் சில வழக்குகள் போதும். 1934-ல் புரூக்ளினில் கோழி வியாபாரம் செய்த ஷெக்டர் சகோதரர்கள் மீது அரசு வழக்குப் போட்டது. பொருளாதார மந்தத்தை மாற்ற ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கொண்டுவந்த சட்டத்தின் கீழ், கோழி வாங்க வருகிறவர் கூண்டுக்குள் பார்த்து தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கக்கூடாது; கைக்கு வருவதை வாங்கிக்கொள்ள வேண்டும். நம் சந்தைகளில் அப்படிச் சொல்லிப் பார்க்கட்டும்! 1935-ல் உச்ச நீதிமன்றத்தில் சகோதரர்களுக்காக வாதாடியவர்களில் கிராவத் நிறுவனத்தின் பிரெடரிக் வுட்டும் ஒருவர். ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அந்தச் சட்டத்தின் அந்தப் பகுதி செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். ரூஸ்வெல்ட் பக்கம் நியாயம் இருந்தது என்றே நான் நினைப்பவள். ஆனால் சட்டமன்றம் தன் அதிகாரத்தை இப்படி ஜனாதிபதிக்கு அள்ளிக் கொடுக்கலாமா என்ற கேள்வியை ஒரு கோழிக்கூண்டிலிருந்து எடுத்தது பெரிய வேலை.

பிறகு ஐ.பி.எம். வழக்கு. கம்ப்யூட்டர் சந்தையை ஏகபோகமாக்கிக்கொண்டது என்று 1969 ஜனவரியில் அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. சாட்சி விசாரணை 1975-ல்தான் ஆரம்பம். 1982 ஜனவரியில், வழக்கில் சாரம் இல்லை என்று அரசே கைவிட்டது. பதின்மூன்று வருடம், பதிவான சாட்சியம் மட்டும் ஒரு லட்சம் பக்கங்களுக்கு மேல். தாமஸ் பார் என்ற பங்குதாரரின் தலைமையில் ஒரு படையே வொயிட் பிளெயின்ஸ் என்ற ஊரில் தனி அலுவலகம் போட்டு இதற்காகவே உழைத்தது. கல்லூரியிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளை, ஒரே வழக்கில் தலை வழுக்கையாகும் அளவுக்கு. அரசாங்கத்தின் தரப்பில் வக்கீல்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். இந்தப் பக்கம் கட்டின் முதல் தாளைப் பார்த்தவர்கள் கடைசித் தாள் வரை இருந்தார்கள். பதின்மூன்று வருட வழக்கில் அதைவிடப் பெரிய பலம் எது?

வண்டி ஆஸினிங் என்ற ஊரைத் தாண்டியபோது இருபுறமும் சிறைச்சுவர்கள். சிங் சிங் சிறைச்சாலையின் நடுவிலேதான் தண்டவாளம் போகிறது. இந்தச் சிறையை 1825-ல் கட்டத் தொடங்கியவர்கள் கைதிகள். ஆபர்ன் சிறையிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். நான் போகும் ஊர் வழியிலேயே எதிரே வந்து நின்றது போல இருந்தது.

ஆல்பனி வந்தது, ஆறு போனது. மொஹாக் பள்ளத்தாக்கில் சோளக் கொல்லைகள். சிராக்யூஸில் இறங்கி, ஒரு வாடகைக் காரில் நாற்பது கிலோமீட்டர்.

ஆபர்னில் முதலில் கண்ணில் படுவதும் சிறைதான். ஊர் நடுவில், கடைவீதிக்கு எட்டும் தூரத்தில், இன்றும் கைதிகளோடு இயங்குகிறது. கூரை உச்சியில் செம்புத் தகட்டாலான ஒரு சிப்பாய் சிலை. அந்தக் காலத்தில் கைதிகள் பகலில் கூட்டமாக வேலை செய்ய வேண்டும், வாயே திறக்கக்கூடாது. இரவில் தனித்தனிக் கொட்டடி. ‘ஆபர்ன் முறை’ என்று உலகமே வந்து பார்த்துப் போனது இதை. உலகில் மின்சார நாற்காலியில் முதல் ஆள் கொல்லப்பட்டதும் இங்கேதான், 1890 ஆகஸ்ட் 6-ல். அதற்கு மின்சாரம் தந்தது வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியின் எந்திரம். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸுக்கு அதில் துளியும் சம்மதமில்லை. அந்த நேரத்தில் எடிசனுக்கு எதிரான மின்விளக்குக் காப்புரிமை வழக்கில் வெஸ்டிங்ஹவுஸின் இளம் வக்கீல் யார் தெரியுமா? இருபதுகளில் இருந்த பால் கிராவத். அந்த வழக்கில் எடிசன்தான் ஜெயித்தார். தோற்ற பின்னும் வெஸ்டிங்ஹவுஸ் வக்கீலை மாற்றவில்லை. கிராவத் 1899-ல் புது நிறுவனத்துக்கு வந்தபோது அவரும் கூடவே வந்தார். தோற்ற வழக்கின் கட்சிக்காரர் அடுத்த கட்டையும் நம்மிடமே கொண்டுவந்தால், அதைவிட ஒரு வக்கீலுக்கு வேறென்ன சான்று வேண்டும்?

சிறையிலிருந்து தெற்கு வீதிக்கு நடந்தே போய்விடலாம். பெரிய மரங்களுக்கு நடுவே அந்த வீடு. எலைஜா மில்லர் என்ற நீதிபதி 1816-ல் கட்ட ஆரம்பித்தது. 1823-ல் வில்லியம் சூவர்ட் என்ற இளைஞர் அவரிடம் தொழில் பங்காளியாகச் சேர்ந்தார். அடுத்த வருடம் மகள் பிரான்சிஸைக் கட்டிக்கொண்டார். மகளை வெளியே அனுப்ப மாட்டேன், நீங்கள் இங்கேயே இருக்க வேண்டும் என்பது மாமனாரின் நிபந்தனை. வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த இவர்தான் பின்னால் நியூயார்க் மாநில கவர்னர், செனட்டர், லிங்கனின் வெளியுறவு அமைச்சர். 1867-ல் அலாஸ்காவை ரஷ்யாவிடம் 72 லட்சம் டாலருக்கு வாங்கியவர். அந்த ஒப்பந்தக் காட்சியின் ஓவியம் இந்த வீட்டுக்கு உரியது. மாடித் தாழ்வாரத்தில் அவர் சந்தித்த, கடிதம் எழுதிய உலகத் தலைவர்களின் படங்கள் சுவர் கொள்ளாமல் வரிசையாக இருக்கின்றன. ஓய்வுக்குப் பிறகு உலகம் சுற்றி, 1871-ல் இந்தியாவுக்கும் வந்து போனார்.

வீட்டைச் சுற்றிக்காட்டிய அம்மையார் அலாஸ்காவைப் பற்றி நிறையச் சொன்னார். நான் ஃப்ரீமன் வழக்கைப் பற்றிக் கேட்டதும் நின்று என் முகத்தைப் பார்த்தார். “வக்கீலா நீங்கள்? வக்கீல்கள்தான் அதைக் கேட்பார்கள்” என்றார்.

வில்லியம் ஃப்ரீமன் இந்த ஊர்க் கறுப்பு இளைஞன். பதினாறு வயதில் குதிரை திருடியதாக ஐந்து வருடச் சிறை. திருடவில்லை என்று கடைசி வரை சொன்னான். உள்ளே பலகையால் தலையில் அடிபட்டுக் காது போயிற்று, புத்தியும் தடுமாறியது. வெளியே வந்ததும் அவன் தேடிப் போன இடம் நியாயம் வழங்குபவர்களின் அலுவலகம். ஐந்து வருடம் வேலை வாங்கினார்களே, கூலி யார் தருவார்கள், என்னைச் சிறையில் போட்டவர்கள் மீது வாரண்ட் கொடுங்கள் என்று கேட்டான். திருப்பி அனுப்பினார்கள். 1846 மார்ச் 12 இரவு, ஓவாஸ்கோ ஏரிக்கரைப் பண்ணை வீடு ஒன்றில் நுழைந்து நான்கு பேரைக் குத்திக் கொன்றான். அவர்களில் ஒரு குழந்தைக்கு வயது இரண்டு. அவனைச் சிறைக்கு அனுப்பியதில் அந்தக் குடும்பத்துக்கு எந்தப் பங்கும் இல்லை.

ஊர் கொந்தளித்தது. பிடித்துக் கொண்டுவந்த அன்றே கூட்டம் அவனைத் தூக்கிலிடப் பார்த்தது. இவனுக்காக யார் ஆஜராகிறார்கள் என்று நீதிபதி கேட்டபோது மன்றத்தில் எழுந்து நின்றவர், முன்னாள் கவர்னர் சூவர்ட். காசு கிடையாது. அரசியல் எதிர்காலம் போய்விடும் என்று நண்பர்கள் தடுத்தார்கள். எதிரே அரசுத் தரப்பில் மாநில அட்டர்னி ஜெனரல் ஜான் வான் பியூரன், முன்னாள் ஜனாதிபதியின் மகன். பையனுக்குச் சித்தம் சரியில்லை என்பதுதான் சூவர்டின் வாதம். ஜூலை வெயிலில் நடந்த விசாரணையில், தன் உயிருக்காக ஆட்கள் வாதாடுகிறார்கள் என்பதுகூடப் புரியாமல் அவன் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தூக்கு என்று தீர்ப்பு. சூவர்ட் விடவில்லை, மேல்முறையீட்டில் மறுவிசாரணைக்கு உத்தரவு வாங்கினார். மறுவிசாரணை தொடங்கும் முன்பே, 1847 ஆகஸ்டில், சங்கிலியோடு கொட்டடியிலேயே ஃப்ரீமன் செத்துப்போனான். பிரேதப் பரிசோதனையில் மூளை கெட்டிருந்தது தெரிந்தது.

அந்த விசாரணையில் சூவர்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவருக்கு வயது இருபத்தாறு. சாமுவேல் பிளாட்ச்ஃபோர்ட். சூவர்ட் கவர்னராக இருந்தபோது அவருக்குச் செயலாளர்; முந்தைய வருடம்தான் ஆபர்னில் அவரது தொழிலில் சேர்ந்திருந்தார். ஊரே காறித் துப்பிய ஒரு கட்சிக்காரனுக்காக, ஒரு பெரிய மனிதர் ஒவ்வொரு சாட்சியாக எழுப்பி நிறுத்துவதை மிக அருகில் இருந்து பார்த்தவர். 1854-ல் இந்த பிளாட்ச்ஃபோர்டுதான் நியூயார்க் நகரத்துக்குப் போய், சூவர்டின் உறவினரான கிளாரன்ஸ் சூவர்டோடு சேர்ந்து நிறுவனத்தை நடத்தினார். நகரத்தில் அவருடைய தந்தை 1819-லிருந்து செய்துவந்த தொழிலும், ஆபர்ன் வீட்டுத் தொழிலும் அங்கே ஒன்றாயின. அவர் 1882-ல் நாட்டின் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். அந்த நிறுவனத்தில்தான் பின்னால் கிராவத் வந்து தன் பெயரை வைத்தார்.

கிராவத்தின் தந்தை எராஸ்டஸ் ஒரு பாதிரியார். அடிமை முறையை எதிர்த்தவர். விடுதலையான கறுப்பு மக்களுக்காக நாஷ்வில்லில் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், அதன் முதல் தலைவரும் அவரே. மகன் பெருங்கம்பெனிகளுக்கே வாதாடினாலும் அந்தப் பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் குழுவுக்குத் தலைமை வகித்தார். சூவர்ட் வீட்டு நிலவறையில் தப்பி வந்த அடிமைகளை பிரான்சிஸ் அம்மையார் ஒளித்து வைத்துச் சோறு போட்டிருக்கிறார். அதே தெற்கு வீதியில் இன்னும் தள்ளிப் போனால் ஹாரியட் டப்மனின் நிலம். 1859-ல் சூவர்ட் அவருக்கு 1,200 டாலருக்குத் தவணையில் கிரயம் கொடுத்தது. வக்கீல் கண்ணோடு அதைப் பாருங்கள். கறுப்பர் குடிமக்களே அல்லர் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. வாங்கியவர் சட்டப்படி தப்பியோடிய அடிமை. விற்றவர் பதவியிலிருக்கும் செனட்டர். அப்படி ஒரு கிரயத்தில் கையெழுத்துப் போட எத்தனை வக்கீல்கள் துணிவார்கள்?

இந்த வீட்டின் துணிவு முழுவதும் அந்தக் கண்ணாடிக் கோபுரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அங்கே வங்கிகளும் பெருங்கம்பெனிகளும்தான் கட்சிக்காரர்கள். பெண் ஒருவர் பங்குதாரர் ஆக 1971 வரை ஆயிற்று. அந்த கிறிஸ்டீன் பெஷர் சட்டக் கல்லூரிக்கே போகாதவர். அலுவலகத்தில் உட்கார்ந்து தொழில் கற்றுத் தேர்வெழுதியவர் என்று படித்தபோது எனக்கு அவரை உடனே பிடித்துப்போனது. மூப்புப்படி லாபம் பிரிக்கும் விதியையும் 2021-ல் தளர்த்திவிட்டார்கள். வெளியே அதிகப் பணம் காட்டி ஆளைத் தூக்கும் காலத்தில் தாக்குப்பிடிக்க முடியவில்லை. மூவாயிரம் வக்கீல்களோடு வேறு நிறுவனங்கள் வளர்ந்துவிட்ட நாட்டில் இவர்கள் இன்னும் ஐந்நூறு பேர் அளவில்தான். அந்தச் சிறிய எண்ணிக்கை எனக்குப் பிடித்திருக்கிறது. ஐந்நூறு பேரென்றால் ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிடலாம்.

சாயங்காலம் ஃபோர்ட் ஹில் இடுகாட்டுக்குப் போனேன். மேட்டு நிலம், ஓக் மரங்கள், காலடியில் சருகு. சூவர்ட் கல்லறையில் அவர் வகித்த பதவிகளைத் தேட வேண்டாம். ஃப்ரீமனுக்காக ஜூரிகளிடம் பேசிய கடைசி உரையில், தான் செத்த பிறகு யாராவது தன் தலைமாட்டில் ஒரு கல் நட்டு எழுதினால் போதும் என்று மூன்று ஆங்கிலச் சொற்களைச் சொல்லியிருந்தார். விசுவாசமாக இருந்தான் என்று பொருள். அதையே செதுக்கியிருக்கிறார்கள். எழுத்துப் பள்ளத்தில் பாசி ஏறியிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். டப்மனின் கல்லறையும் இதே இடுகாட்டில்தான், ஓங்கி வளர்ந்த மரத்தடியில். அங்கே யாரோ நாணயங்களை வைத்துப் போயிருந்தார்கள்.

இரவு பதினொரு மணிக்கு விடுதி அறையில் போன் அடித்தது. மதுரையில் காலை எட்டரை. என் ஜூனியர்.

“மேடம், அந்தப் பாகப்பிரிவினை கேஸ் இன்னைக்கு லிஸ்ட்ல வந்துருச்சு. வாதி தரப்பு ரெண்டாம் சாட்சி வந்திருக்காரு. நீங்க இல்லைன்னு சொல்லி வாய்தா கேட்டுரட்டுமா?”

“வேண்டாம்மா. நீயே குறுக்கு விசாரணை பண்ணு.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு தாள் புரளும் சத்தம்.

“கட்டுல மூணாவது தாளைப் பாரு, சிவப்பு மையில கேள்வி எழுதி வச்சிருக்கேன். ஏ-7 ஆவணத்துல கையெழுத்துப் பக்கத்துக்கு ஒரு கொடி ஒட்டிக்க” என்றேன். அவள் கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். ஏழாவது கேள்வியை மட்டும் கடைசிக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டாள். ஏன் என்றேன். காரணம் சொன்னாள். சரியாகத்தான் இருந்தது, அப்படியே செய்யச் சொன்னேன்.